காரைக்குடி மரச்சாமானைக் கனடா வீட்டில் வைப்பது எப்படி? அளவெடுப்பது முதல் ஊஞ்சல் மாட்டுவது வரை

டொரோண்டோ, மிசிசாகா, பிராம்ப்டன் பக்கம் புதிதாக வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ஓர் ஆசை இருக்கிறது. வெள்ளைச் சுவர், சாம்பல் நிற சோஃபா, ஆள் உயரக் கண்ணாடி ஜன்னல். இவற்றுக்கு நடுவே ஊரிலிருந்து வந்த தேக்குப் பெட்டி ஒன்று, ஊஞ்சல் ஒன்று, கல்லாப்பெட்டி ஒன்று. நல்ல ஆசைதான், நிறைவேற்றவும் முடியும். ஆனால் நாங்கள் இதைச் செய்தபோது ஒவ்வொருவரும் தத்தம் பகுதியை மட்டுமே சொன்னார்கள். கடைக்காரருக்குக் கனடாச் சுங்கம் தெரியாது. கப்பல் முகவருக்கு மரம் தெரியாது. இங்குள்ள தச்சருக்குப் பழைய தேக்கு தெரியாது. தொடக்கம் முதல் முடிவு வரை சேர்த்துச் சொல்ல ஆள் கிடைக்காமல் அலைந்ததால் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலானோர் காரைக்குடிக் கடையில் தொடங்குகிறார்கள். நீங்கள் கனடா வீட்டிலிருந்து தொடங்குங்கள். கீழே உள்ள வரிசை அதற்கேற்பவே அமைந்திருக்கிறது.

1. வீட்டை அளந்து தாளில் குறித்துக்கொள்ளுங்கள்

பொருளை எங்கே வைப்பது என்பதற்கு முன், உள்ளே எப்படி நுழைப்பது என்று பாருங்கள். இங்கே உள்ளறைக் கதவுகள் பெரும்பாலும் 30 அங்குல அகலம்தான். கதவு முழுவதும் திறக்காவிட்டால் அதிலும் ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் குறையும். வாசல் கதவின் அகலம், உட்கதவுகளின் அகலம், மாடிப்படி திரும்பும் இடத்தின் நீள அகலம், அங்கே தலைக்கு மேல் உள்ள உயரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியின் நீளம், அகலம் போலவே அதன் மூலைக்கு மூலை அளவும் தேவைப்படும். சாய்த்துத் திருப்பும்போது சுவரில் இடிப்பது அந்த அளவுதான்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தால் சரக்கு லிஃப்டின் உள்ளளவை எடுங்கள். அதை முன்பதிவு செய்ய வேண்டுமா, முன்பணம் உண்டா என்று நிர்வாக அலுவலகத்தில் கேளுங்கள்.

கூரை உயரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். இங்கே பல வீடுகளில் அது 8 அடி. செட்டிநாட்டு வீட்டின் உயர்ந்த கூடத்தில் அளவாகத் தெரிந்த அலமாரி, இந்த எட்டடிக்குள் அறையையே அடைத்துக்கொள்ளும்.

2. எதைக் கொண்டுவரலாம், எதை விட்டுவிடலாம்

ஓர் அறைக்கு ஒரு பழம்பொருள் போதும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டாவது வந்தால் இரண்டும் ஒன்றையொன்று மறைக்கும். மூன்றாவது வந்தால் வீடு கடைபோல ஆகிவிடும். அந்த ஒன்றும் அன்றாடம் கைபடும் பொருளாக இருக்கட்டும்.

மூடி போட்ட தேக்குப் பெட்டி மிகவும் உதவும். குளிர்காலப் போர்வைகள், கம்பளிகள் எல்லாம் அதற்குள் அடங்கும். ஆனால் சோஃபாவுக்கு முன் போடும் மேசையாக அதை நினைக்காதீர்கள். அந்த மேசை 16 முதல் 18 அங்குல உயரம் இருந்தால்தான் உட்கார்ந்தபடி கைக்கு எட்டும். பழைய பெட்டிகள் அதைவிட உயரமாகவே இருக்கும், மேலே தட்டு வைத்துவிட்டால் மூடியையும் திறக்க முடியாது. சோஃபாவின் முதுகுப்பக்கமோ வாசல் நடையிலோ போடுங்கள்.

கல்லாப்பெட்டியைப் படுக்கை அருகிலோ நாற்காலி அருகிலோ சிறுமேசையாக வைக்கலாம். கணக்குப்பிள்ளையின் சாய்வு மேசை மடிக்கணினிக்கும் பிள்ளைகளின் எழுத்து வேலைக்கும் பொருந்தும், தரையில் உட்காரும் பழக்கம் வீட்டில் இருந்தால் மட்டும். நீண்ட கைப்பிடி வைத்த சாய்வு நாற்காலியை ஜன்னலோரம் தனியாகப் போடுங்கள். அது காலை நீட்டும் இடத்தையும் சேர்த்து அளக்க மறக்காதீர்கள்.

பழைய வீடுகளைப் பிரித்து எடுத்த தூண், நிலைக்கதவு ஆகியவற்றை விட்டுவிடுங்கள். காரணம் ஐந்தாம் படியில் வருகிறது. பழைய வண்ணப்பூச்சு உரியும் பொருளையும், வீட்டில் குழந்தைகள் இருந்தால், தவிர்த்துவிடுங்கள். அந்தப் பூச்சில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு.

3. இன்னும் குடியேறவில்லை என்றால், பட்டியல்தான் முதல் வேலை

இந்தப் படியைத் தவறவிட்டுப் பணம் இழந்தவர்கள் நிறையப் பேர். நிரந்தர வதிவுரிமையுடன் கனடாவில் முதன்முறை இறங்கும் நாளில், கையோடு கொண்டுவரும் பொருள்களுக்கு ஒரு பட்டியலும், பின்னால் வரப்போகும் பொருள்களுக்கு ஒரு பட்டியலும் சுங்க அதிகாரியிடம் காட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதிகள், பொருளுக்கு எதிரே மதிப்பு. அதிகாரி பி.எஸ்.எஃப் 186 என்ற படிவத்தை நிரப்பி முத்திரையிட்டுக் கொடுப்பார். அந்தத் தாள் கையில் இருந்தால், பட்டியலில் உள்ள பொருள் பிறகு வந்து சேரும்போது வரி கிடையாது.

வெறுமனே ‘மரப்பெட்டி’ என்று எழுதாதீர்கள். ‘தேக்கு மரப்பெட்டி, பித்தளைப் பூண் போட்டது, இத்தனை அங்குலம், பயன்படுத்தியது’ என்று எழுதுங்கள். புகைப்படம் ஒன்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சலுகைக்கு, நீங்கள் கனடா வருவதற்கு முன்பே பொருள் உங்களுக்குச் சொந்தமாகவும், உங்கள் வசத்திலும், நீங்கள் பயன்படுத்தியதாகவும் இருக்க வேண்டும். அம்மா வீட்டில் அம்மா பயன்படுத்தும் ஊஞ்சல் உங்களுடையது ஆகாது. வந்த பிறகு விடுமுறைக்கு ஊருக்குப் போய் வாங்குவதற்கும் இது பொருந்தாது. வரியின்றிக் கொண்டுவந்ததை 12 மாதங்களுக்குள் விற்றாலோ கொடுத்தாலோ வரியைக் கட்ட நேரும்.

புதுமணத் தம்பதிகளுக்கு ஒரு தளர்வு உண்டு. கனடா வருவதற்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் திருமணம் நடந்திருந்தாலோ, வந்த மூன்று மாதங்களுக்குள் நடக்கப்போகிறது என்றாலோ, திருமணப் பரிசுகளைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. சீர்வரிசையில் வந்த மரச்சாமான்கள் இப்படிப் பட்டியலில் ஏறலாம். சொந்தமும் வசமும் வருகைக்கு முன்பே இருக்க வேண்டும் என்பது மட்டும் மாறாது.

தாத்தா, பாட்டி இறந்த பின் உங்களுக்கு வரும் பொருளுக்குத் தனி வழி இருக்கிறது. கனடாவில் வசிக்காத ஒருவர் தாம் வைத்துப் பயன்படுத்திய வீட்டுப் பொருளை, அவர் இறப்பின் காரணமாக நீங்கள் பெற்றால், சுங்கப் பட்டியலின் 9806.00.00 என்ற இனத்தின் கீழ் வரியின்றிக் கேட்கலாம். இறப்புச் சான்றிதழ், உயில் நகல் அல்லது வழக்கறிஞரின் கடிதம், அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். உயிலில் ‘வீட்டுச் சாமான்கள்’ என்று பொதுவாக எழுதியிருந்தால், இந்தப் பெட்டி உங்களுக்குத்தான் என்று மற்ற வாரிசுகள் கையெழுத்திட்ட கடிதமும் உதவும்.

4. கடையில் பார்க்க வேண்டியவை

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. காலையிலேயே போய்விடுங்கள், வெயில் வெளிச்சத்தில் பொருளை வெளியே எடுத்துப் போடச் சொல்லிப் பாருங்கள்.

எல்லாமே பர்மா தேக்கு என்பார்கள். முன்பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பின்பலகை, அடிப்பலகை, இழுப்பறையின் உட்புறம் ஆகியவற்றைப் பாருங்கள். எங்கும் ஒரே நிறம் பூசியிருந்தால், புதுமரத்துக்குப் பழைய நிறம் ஏற்றியிருக்கலாம். ஒரு பெட்டியின் மூடியும் மற்றொன்றின் உடலும் சேர்ந்து ‘ஒரே பொருளாக’ நிற்பதும் உண்டு. கீல் இருந்த பழைய துளைகள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

குண்டூசித் தலை அளவுத் துளைகளும், அவற்றின் கீழே மாவுபோன்ற தூளும் இருந்தால் வண்டு இன்னும் உயிரோடு இருக்கக்கூடும். வேறு பொருளைப் பாருங்கள்.

அடுத்தது பலரும் கவனிக்காதது. பழைய தச்சர்கள் கதவுப் பலகையையும் பக்கப் பலகையையும் சட்டத்தின் காடியில் பசையில்லாமல் செருகியிருப்பார்கள். மரம் சுருங்கவும் விரியவும் அந்த இடைவெளி வேண்டும். விற்பதற்கு முன் ‘சரிசெய்கிறோம்’ என்று கடைக்காரர்கள் அதில் பசையை ஊற்றி ஆணி அடித்து மக்கு பூசிவிடுகிறார்கள். கனடாவின் முதல் குளிரில் அந்தப் பலகை நடுவே பிளக்கும். பலகையைத் தொடாமல், கால் ஆட்டத்தை மட்டும் சரிசெய்து தரும்படி எழுதி வாங்குங்கள். பளபளக்கும் வார்னிஷையும் மறுத்துவிடுங்கள். மெழுகுப் பூச்சு போதும். வெளிர்நிற அறையில் கண்ணாடிபோல் மின்னும் தேக்கு பொருந்தாது.

பில்லில் பொருள், மரத்தின் பெயர், அளவு, உண்மையான விலை ஆகிய நான்கும் இருக்க வேண்டும். விலையைக் குறைத்து எழுதித் தருகிறேன் என்பதை ஏற்காதீர்கள். பொய்யான மதிப்பு காட்டினால் கனடாவில் அபராதமும் பறிமுதலும் வரலாம்.

5. இந்தியாவை விட்டு வெளியே எடுக்க

இரண்டு கேள்விகள் எழும்: எவ்வளவு பழையது, என்ன மரம்.

1972ஆம் ஆண்டின் தொன்மைப்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டத்தின்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத கலை, கைவினைப் பொருள்களும், கட்டடத்திலிருந்து பிரித்தெடுத்த பாகங்களும் தொன்மைப்பொருள் என்ற வரையறைக்குள் வருகின்றன. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. செட்டிநாட்டு வீடுகளில் பல நூறாண்டைத் தாண்டியவை, அதனால்தான் தூணும் நிலைக்கதவும் வேண்டாம் என்றேன். கடைக்காரர் ‘நூறு வருஷத்துப் பெட்டி’ என்று பெருமையாகச் சொல்வதை நம்பி அதையே பில்லில் எழுத வைத்தால், சென்னைத் துறைமுகத்தில் அந்த வரியே பொருளை நிறுத்திவிடும்.

பழைய தோற்றமுள்ள எதற்கும் ‘தொன்மைப்பொருள் அல்ல’ என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிவிடுங்கள். சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. பொருளின் படங்கள், அளவுகள், பில், அடையாளச் சான்று ஆகியவை தேவை. அதிகாரிகள் பொருளை நேரில் பார்க்கவும் கேட்கலாம் என்பதால், கட்டி முடித்த பிறகு விண்ணப்பிக்காதீர்கள். வாரக்கணக்கில் நேரம் ஒதுக்குங்கள். இரண்டு வார விடுமுறையில் வாங்கி, சான்றிதழும் பெற்று, அனுப்பிவிட்டுத் திரும்ப முடியாது. ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அடுத்த கேள்வி மரம். தேக்குக்குத் தடை இல்லை. ஈட்டி மரத்துக்கு உண்டு. ஈட்டி உட்பட டால்பெர்ஜியா பேரினம் ஏறக்குறைய முழுவதும் 2017 ஜனவரி 2 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 10 கிலோவுக்குள் அடங்கும் சிறு பொருள்களுக்கு விலக்கு கிடைக்கும்; அதைத் தாண்டும் நாற்காலி, கட்டில் என்றால் ஏற்றுமதி அனுமதி இல்லாமல் கனடாவுக்குள் நுழையாது. தனிமனிதர் ஒரு கட்டிலுக்காக அந்த அனுமதிக்கு அலைவதைவிடத் தேக்கிலேயே நின்றுவிடுவது நல்லது.

6. கட்டுவது

கனடா மண்ணையும் பூச்சியையும் உள்ளே விடாது. பெட்டியின் அடியிலும் கால்களிலும் ஒட்டிய மண்ணைத் தூரிகையால் சுத்தமாக எடுத்துவிடுங்கள். வைக்கோல் வைத்துக் கட்டவே கூடாது. அட்டையும் நுரைத்தாளும் போதும். பூச்சிகளுக்குப் புகைமூட்டிய சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளியே அடிக்கும் மரச்சட்டத்தில் கோதுமைக் கதிர் அடையாளத்துடன் கூடிய ஐ.எஸ்.பி.எம் 15 முத்திரை இருக்க வேண்டும். அந்த மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் 30 நிமிடம் ஏறியது, அல்லது அங்கீகரித்த வேறு முறையில் பூச்சி நீக்கப்பட்டது என்பதற்கு அதுவே சான்று. முத்திரை இல்லாத சட்டம் வந்தால் உங்கள் செலவிலேயே திருப்பி அனுப்பச் சொல்வார்கள். ‘எங்களிடம் நல்ல மரம்தான்’ என்ற உறுதிமொழியை நம்பாமல், ஆணி அடிக்கும் முன் முத்திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

7. கப்பல்: பருவமும் செலவும்

பிப்ரவரி, மார்ச்சில் கட்டி அனுப்புங்கள். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் அதற்குள் மரத்தை விட்டு இறங்கியிருக்கும், பொருள் இங்கே வரும்போது மே, ஜூன் ஆகியிருக்கும். அக்டோபரில் ஈரத்தோடு கட்டி ஜனவரியில் உறைபனியில் இறக்கினால் மரம் தாங்காது. கிடங்கில் சேர்ந்த நாளிலிருந்து வாசலுக்கு வர இரண்டரை முதல் நான்கு மாதம் வரை வைத்துக்கொள்ளுங்கள். நடுவழியில் கொள்கலன் மாறுவது, ஹாலிஃபாக்ஸிலோ மாண்ட்ரியலிலோ இறங்கி ரயிலில் டொரோண்டோ வருவது எல்லாம் அதில் அடக்கம்.

ஓரிரு பொருள்களுக்கு முழுக் கொள்கலன் தேவையில்லை, மற்றவர்களோடு பங்கிடும் முறையில் கன மீட்டர் கணக்கில் கட்டணம் வாங்குவார்கள். 120 × 60 × 75 செ.மீ. பெட்டி 0.54 கன மீட்டர். சட்டமடித்து ஒவ்வொரு பக்க அளவும் 10 செ.மீ. கூடினால் 0.77 ஆகிவிடும். ஆகவே கட்டிய பின்னுள்ள அளவுக்கு விலை கேளுங்கள். குறைந்தபட்சம் ஒரு கன மீட்டருக்குக் கட்டணம் என்று சொன்னால், மீதி இடத்தில் ஊஞ்சல் பலகையையும் சங்கிலியையும் சேர்த்துவிடலாம்.

பெரிய பொறி இங்கேதான் இருக்கிறது. கடல் கட்டணம் மிக மலிவாக இருக்கும். பிறகு கனடாவில் கொள்கலனைப் பிரிக்கும் கட்டணம், ஆவணக் கட்டணம், கிடங்கு வாடகை, வீட்டுக்குக் கொண்டுவரும் கட்டணம் என்று அதைவிடப் பெரிய பில் வரும். இரு முனைச் செலவுகளையும் ஒரே தாளில் எழுதித் தராத முகவரிடம் கொடுக்காதீர்கள். கேட்க வேண்டியவை: கிடங்கில் எத்தனை நாள் இலவசம்? சுங்கம் பெட்டியைத் திறந்து பார்த்தால் அந்தச் செலவு யாருடையது? வண்டி வாசலோடு நின்றுவிடுமா, ஆட்கள் உள்ளே தூக்கி வைப்பார்களா? காப்பீடு எடுக்கும்போது, நீங்களே கட்டியிருந்தால் உடைசலுக்கு இழப்பீடு இல்லை என்ற விதி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

8. சுங்க அலுவலகத்தில்

சரக்கு வந்ததும் வருகை அறிவிப்பு ஒன்று வரும். அதில் உள்ள சரக்குக் கட்டுப்பாட்டு எண், பாஸ்போர்ட், வதிவுரிமை ஆவணம், பி.எஸ்.எஃப் 186, பொருள் பட்டியல், பில்கள், இந்தியச் சான்றிதழ்கள் ஆகியவற்றுடன் நேரில் போகலாம். ஒரு வீட்டுப் பொருளுக்குத் தரகர் கட்டாயமில்லை. அன்றே போங்கள், கிடங்கு வாடகை நாளுக்கு நாள் ஏறும்.

சலுகை பொருந்தாத பொருள் என்றால் கணக்கு இப்படி வரும். வீட்டுக்கான மரச்சாமானுக்குச் சுங்க வரி 9.5 விழுக்காடு. ஒன்டாரியோவில் அதன்மேல் 13 விழுக்காடு விற்பனை வரி. 1,000 டாலர் பொருளுக்குச் சுங்கம் 95 டாலர். 1,095 மீது விற்பனை வரி 142.35, மொத்தம் 237.35 டாலர். அனுப்பும் முன் விகிதத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ‘பரிசு’ என்று எழுதினால் தப்பலாம் என்று சொல்வார்கள். பரிசுக்கான விலக்கு 60 டாலர் வரைதான்.

9. வந்த மரத்தைக் குளிருக்குப் பழக்குவது

காரைக்குடியில் காற்றின் ஈரத்தோடு ஒத்திருந்த தேக்கில் சுமார் 12 விழுக்காடு ஈரம் இருக்கும். ஜனவரியில் வெப்பமூட்டிய டொரோண்டோ வீட்டில் காற்றின் ஈரப்பதம் 25 விழுக்காட்டுக்கு இறங்கினால், மரத்தின் ஈரம் ஐந்து, ஆறுக்கு வந்துவிடும். ஓர் அடி அகலப் பலகை இரண்டு மூன்று மில்லிமீட்டர் சுருங்கும். தடுக்க முடியாது, மெதுவாக நடக்கும்படி செய்யலாம்.

கட்டி வந்த பொதியை ஒரே நாளில் பிரிக்காதீர்கள். சட்டத்தை எடுத்துவிட்டு, மேலுறையை ஒரு பக்கம் மட்டும் திறந்து இரண்டு வாரம் விடுங்கள். தரையில் உள்ள வெப்பக்காற்றுத் துவாரத்தின் மேலோ எதிரிலோ வைக்கவே வேண்டாம். கணப்பின் அருகிலும் கூடாது. ஈரமானி ஒன்று வாங்கி அறையில் மாட்டுங்கள், விலை அதிகமில்லை. குளிர்காலம் முழுவதும் ஈரமூட்டியை ஓடவிட்டு 35 விழுக்காட்டை ஒட்டி வைத்திருங்கள். வெளியே மைனஸ் 20 ஆகும் நாள்களில் ஜன்னலில் நீர் வழியத் தொடங்கினால் 30க்குக் குறைத்துக்கொள்ளலாம்.

முதல் குளிரில் இரவில் மரம் ‘டக்’ என்று ஒலித்தால் பயப்பட வேண்டாம். பலகைக்கும் சட்டத்துக்கும் இடையே மெல்லிய கோடு தெரியும். அதில் மக்கு அடைக்காதீர்கள். ஜூலையில் பலகை விரியும்போது அந்த மக்கே சட்டத்தைப் பிளக்கும்.

எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடுவது ஆபத்து. ஆளி விதை எண்ணெய் ஊறிய துணி தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.

10. அறையோடு பொருத்துவது

இங்கே தரை அடர்பழுப்பாக இருந்தால் பெட்டி அதற்குள் மறைந்துவிடும். கீழே வெளிர்நிற விரிப்பு ஒன்று போடுங்கள். தரை வெளிர்மரம் என்றால் பவானி ஜமுக்காளம் நன்றாக இருக்கும், வழுக்காத அடித்தாள் அவசியம். கால்களுக்குக் கீழே தடித்த கம்பளி ஒட்டு வையுங்கள், ஆணியோ பசையோ இல்லாமல் போடும் ‘மிதக்கும்’ தரைப் பலகையில் தேக்கின் எடை பள்ளம் போடும்.

தேக்கு நிறத்துக்கு ‘பொருத்தமாக’ என்று அதே நிறச் செயற்கைப் பலகை மேசையை வாங்கிப் பக்கத்தில் போடுவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். இரண்டின் அழகும் கெடுகிறது. வெள்ளை, சாம்பல், வெளிர்மரம், கறுப்பு இரும்பு ஆகியவற்றை அருகில் வையுங்கள். விளக்கை 2,700 கெல்வின் மஞ்சள் ஒளிக்கு மாற்றுங்கள். வெள்ளை ஒளியில் தேக்கு சாம்பல் பூத்துத் தெரியும்.

கனத்த மூடிப் பெட்டிக்கு மெதுவாக மூடும் தாங்கி ஒன்று கட்டாயம் பொருத்துங்கள். பழைய பூட்டுத் தாழை, உள்ளே குழந்தை மாட்டிக்கொள்ளாதபடி செயலிழக்கச் செய்துவிடுங்கள். உயரமான அலமாரியைச் சுவரின் உள்சட்டத்தோடு பட்டையால் பிணையுங்கள்.

11. ஊஞ்சல்

வாடகை வீடு, அடுக்குமாடி வீடு என்றால் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கூரையில் துளையிடாதீர்கள். கான்கிரீட் கூரையில் இழுவிசைக் கம்பிகள் ஓடக்கூடும். அனுமதி கிடைக்காதவர்களுக்குத் தரையில் நிற்கும் சட்ட ஊஞ்சல்தான் வழி.

சொந்த வீட்டில், கூரையாகத் தெரிவது மெல்லிய பலகை மட்டுமே. எடையைத் தாங்குவது அதற்கு மேலே, பொதுவாக 16 அங்குலத்துக்கு ஒன்றாக ஓடும் உத்தரங்கள். மேலே மாடி அறை இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நேர்மேலே கூரைக்கூடு இருந்தால் அங்குள்ள முக்கோணச் சட்டங்கள் ஆடும் எடைக்கு வடிவமைக்கப்பட்டவை அல்ல. பொறியாளர் பார்க்காமல் தொடாதீர்கள். ஒரு உத்தரத்தில் கொக்கியைத் திருகுவதைவிட, இரண்டு உத்தரங்களுக்கு இடையே குறுக்குக்கட்டை வைத்து, அதை ஊடுருவிச் செல்லும் போல்ட்டில் மாட்டச் சொல்லுங்கள். இரண்டு பெரியவர்களின் எடையை மட்டும் சொல்லாமல், ஆடும்போது அது கூடும் என்பதையும் தச்சருக்குச் சொல்லிவிடுங்கள்.

சங்கிலி உயர்ந்த கூரைக்காகச் செய்யப்பட்டது. வெட்ட வேண்டாம், கண்ணிகளைக் கழற்றிக் குறைத்து, கழற்றியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். எட்டடிக் கூரையில் பலகை தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் நின்றால் சங்கிலிக்குச் சுமார் 2 மீட்டர் கிடைக்கும். முன்னும் பின்னும் ஒன்றரை மீட்டர் காலியாக இருக்க வேண்டும்; ஜன்னல் கண்ணாடியும் தொலைக்காட்சியும் அந்த எல்லைக்குள் வரக்கூடாது.

முதல் குளிர்காலம் முடிந்ததும் போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள், உத்தரமும் சுருங்கியிருக்கும். கொக்கி கிறீச்சிட்டால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், இந்தக் குளிரில் அது உறைந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். கிராஃபைட் தூள் சிறிது தூவினால் போதும்.